திங்கட்கிழமையிலிருந்து நீங்கதான் வாத்தியார்!

ஒரகடம் - ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் முதல் பயிற்சி வகுப்பு எடுக்கப் போறவங்களுக்கு சில டிப்ஸ்...

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வாத்தியாரை ஓட்டு ஓட்டுன்னு ஓட்டினவரா நீங்க? அப்படின்னா ரெடியா இருங்க பாஸ்... அந்தப் பாவமெல்லாம் திரும்பி வர்ற நாள் ரொம்ப தூரத்துல இல்லை!

கேம்பஸ் இன்டர்வியூவில் செலக்ட் ஆகி, கம்பெனி பஸ்ஸில் ஜன்னலோர சீட் பிடித்து, ஐ.டி. கார்டைப் பெருமையாக மாட்டிக்கொண்டு ஆறேழு மாதம் ஓடியிருக்கும். லைனில் என்ன நடக்கிறது என்று இப்போதுதான் லேசாகப் பிடிபட ஆரம்பித்திருக்கும். ஒருநாள் மேனேஜர் கூப்பிடுவார். ‘‘புது பேட்ச் இருபது பேர் வர்றாங்க. திங்கட்கிழமையிலிருந்து டோஜோவில் நீங்கதான் க்ளாஸ் எடுக்கறீங்க...’’

வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறக்கும். டிப்ளமோவோ பி.இ.-யோ, படித்த காலத்தில் செமினார் எடுத்ததோடு சரி. அதுவும் ஸ்லைடைப் பார்த்துப் படித்தது. இப்போது நிஜமாகவே இருபது பேர் முன்னால் நிற்க வேண்டும்!

கவலையை விடுங்க. பாடம் சொல்லித் தருவதும் ஒரு கைத்தொழில்தான். வெல்டிங் மாதிரி, லேத் மாதிரி இதையும் கற்றுக்கொள்ளலாம்.

அது என்ன டோஜோ?

1996-ல் ஹூண்டாய் இந்தியக் கம்பெனியைத் தொடங்கி இருங்காட்டுக்கோட்டையில் கால் வைத்ததிலிருந்து அந்தப் பக்கத்து முகமே மாறிவிட்டது. அப்புறம் கண்ணாடி, செல்போன், டயர் என்று வரிசையாக வந்தார்கள். 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிஸான், 2012-ல் டைம்லர் லாரி, 2013-ல் ராயல் என்ஃபீல்டு. இன்றைக்கு வண்டலூர் - வாலாஜாபாத் ரோட்டில் விடிகாலையில் நின்று பாருங்கள். வரிசை வரிசையாகக் கம்பெனி பஸ்கள்! செய்யாறு, ஆரணி, திண்டிவனம் பக்கத்துப் பையன்களும் பெண்களும் அதில் பாதித் தூக்கத்தில் இருப்பார்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ரயிலேறி வந்தவர்களும் இருப்பார்கள்.

இவர்களில் பலருக்கு அதுதான் வாழ்க்கையின் முதல் தொழிற்சாலை. நேராக லைனில் நிறுத்த முடியாது. அதனால் பெரிய கம்பெனிகள் தனியாக ஓர் இடம் வைத்திருக்கின்றன. நிஜ போல்ட், நிஜ டூல், நிஜ கன்வேயரின் ஒரு துண்டு எல்லாம் அங்கே இருக்கும். தப்பு செய்தால் யாருக்கும் நஷ்டமில்லை. கராத்தே பழகும் கூடத்துக்கு ஜப்பானியர்கள் சொல்லும் பெயர் டோஜோ. அதையே தொழிற்சாலைக்குள்ளும் வைத்துவிட்டார்கள்.

அந்தக் கூடத்துக்குத்தான் நீங்க மாஸ்டர்!

முதல்ல ஒரு விளையாட்டு

இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு ரூம்மேட்டைக் கூப்பிடுங்கள். ஷூ லேஸைக் கட்டவே தெரியாதவர் மாதிரி அவர் உட்காரட்டும். நீங்கள் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, வாயால் மட்டும் சொல்லி லேஸ் கட்ட வையுங்கள். ‘வலது கை லேஸை இடது லேஸ் மேல போடு, கீழ விட்டு எடு...’ நீங்கள் சொன்னதை மட்டும்தான் அவர் செய்ய வேண்டும். அவராக எதையும் யூகிக்கக் கூடாது. இரண்டே நிமிஷத்தில் ரூமே சிரிக்கும்!

அடுத்து, எதுவும் பேசாமல் அவருக்குத் தெரியாத ஒரு முடிச்சை வேகமாகப் போட்டுக் காட்டுங்கள். எதிரில் உட்கார்ந்து பார்க்கிறவருக்கு இடமும் வலமும் மாறித் தெரியும். அதுவும் சொதப்பும்.

இது சும்மா விளையாட்டு இல்லை. 1940-ல், இரண்டாம் உலகப்போர் நேரத்தில், அமெரிக்காவில் ‘டிரெய்னிங் வித்தின் இண்டஸ்ட்ரி’ என்று ஒரு திட்டம் தொடங்கினார்கள். சுருக்கமாக டி.டபிள்யூ.ஐ. அனுபவசாலிகள் பலர் போருக்குப் போய்விட, தொழிற்சாலைக்குள் வந்ததெல்லாம் புது ஆட்கள். அவர்களுக்கு வேகமாகச் சொல்லித்தர சூப்பர்வைசர்களைப் பழக்க வேண்டியிருந்தது. அந்த வகுப்பில் எலெக்ட்ரீஷியன்கள் விளக்கு ஒயரில் போடும் ஒரு முடிச்சை எடுத்துக்கொள்வார்கள். முதலில் ஒருவருக்கு வாயால் மட்டும் சொல்வார்கள். வராது. பிறகு இன்னொருவருக்குக் கையால் மட்டும் காட்டுவார்கள். அதுவும் வராது. ‘இப்படித்தானே உங்க ஃபேக்டரியில் சொல்லித்தர்றீங்க?’ என்று கேட்டால் சூப்பர்வைசர்கள் கப்சிப்!

போர் முடிந்தபின் இந்த முறை ஜப்பானுக்குப் போனது. டொயோட்டா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஒரகடத்து டோஜோவில் நீங்கள் பார்க்கும் பல பழக்கங்களுக்குத் தாத்தா அதுதான். அதில் நான்கே நான்கு படிகள். உங்க முதல் வகுப்புக்கு அது போதும்.

படி 1: ஆளைத் தயார் பண்ணுங்க

உள்ளே நுழைந்ததும் கம்பெனி வரலாறு, சேர்மன் போட்டோ, டர்ன்ஓவர் என்று ஆரம்பிக்காதீர்கள். வந்திருப்பவர்களில் பாதிப்பேர் ராத்திரி பஸ் பிடித்து வந்திருப்பார்கள். டிபன் சாப்பிட்டிருப்பார்களா என்பதே சந்தேகம். ஹாஸ்டல் எங்கே, பஸ் எத்தனை மணிக்கு, கேன்டீன் எந்தப் பக்கம், பாத்ரூம் எங்கே... அவர்கள் மண்டைக்குள் ஓடுவது இதெல்லாம்தான். முதல் பத்து நிமிஷத்தில் இதற்கெல்லாம் பதில் சொல்லிவிடுங்கள். அப்புறம்தான் காது திறக்கும்.

அடுத்து, ஒவ்வொருவரையும் பெயர் கேளுங்கள். ‘ஏய் ப்ளூ சட்டை’ வேண்டவே வேண்டாம். இந்த வேலை ஏற்கனவே கொஞ்சம் தெரியுமா என்றும் கேளுங்கள். ஊரில் மெக்கானிக் ஷாப்பில் ரெண்டு வருஷம் ஸ்பேனர் பிடித்தவர் ஒருவர் கட்டாயம் இருப்பார். அவருக்கு ‘இதுதான் ஸ்பேனர்’ என்று சொல்லிக்கொண்டிருந்தால் கடுப்பாகிவிடுவார்.

படி 2: மூணு தடவை செஞ்சு காட்டுங்க

உதாரணத்துக்கு நான்கு போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் இறுக்கும் வேலை. உங்களுக்கு இது ஜுஜுபி. அதுதான் ஆபத்து! கை தானாகச் செய்துவிடும். எதைச் செய்தோம் என்று உங்களுக்கே சொல்லத் தெரியாது. அதனால் முந்தின நாளே ஒரு பேப்பரில் மூன்று கட்டம் போடுங்கள்: என்ன செய்யணும், எதில் கவனம், ஏன்.

போல்ட்டை முதலில் விரலால் சில சுற்று சுற்றணும். ஏன்? மரை கோணலாக ஏறினால் விரலுக்கு உடனே தெரியும், மெஷினுக்குத் தெரியாது. அது பாட்டுக்கு இழுத்து மரையை நாசம் பண்ணிவிடும்.

அப்புறம் எதிரெதிராக, குறுக்கும் நெடுக்குமாக இறுக்கணும். ஏன்? ஒரே பக்கமாக இறுக்கிக்கொண்டே போனால் இன்னொரு பக்கம் சரியாக உட்காராது.

ரெஞ்ச் ‘க்ளிக்’ என்றதும் நிறுத்தணும். ஏன்? ‘இன்னும் கொஞ்சம் டைட்டா இருக்கட்டுமே’ என்று மறுபடி இழுத்தால் அளவு தாண்டிவிடும். போல்ட் உள்ளுக்குள் இழுபட்டு, ரோட்டில் என்றைக்கோ ஒருநாள் கையை விரிக்கும்.

கடைசியாக, மார்க்கரால் ஒரு கோடு. இந்த போல்ட் முடிந்தது என்று அடுத்தவருக்குத் தெரிவதற்காக.

முதல் தடவை, என்ன செய்யணும் என்பதை மட்டும் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். இரண்டாவது தடவை, எதில் கவனம் என்பதையும் சேருங்கள். மூன்றாவது தடவை, ஏன் என்பதையும். எல்லாத்தையும் முதல் தடவையே கொட்டினால் எதுவும் நிற்காது. எதிரில் நிற்க வைக்காமல் உங்கள் பக்கத்தில், தோளோடு தோளாக நிற்க வையுங்கள். இடவலக் குழப்பம் வராது.

படி 3: வாயை மூடுங்க!

இப்போது அவர் செய்யணும். நீங்க பார்க்கணும். இதுதான் புது வாத்தியாருக்கு மிகக் கஷ்டமான நேரம். கை பரபரக்கும். ‘தள்ளு, நான் பண்றேன்’ என்று ரெஞ்சைப் பிடுங்கத் தோன்றும். பிடுங்காதீர்கள். தப்பு நடக்கப் போகிறது என்றால் அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துங்கள். தப்பாகப் பழகிய கையைப் பிறகு மாற்றுவது ரெட்டிப்பு வேலை.

ஒருமுறை சரியாகச் செய்துவிட்டாரா? மறுபடி செய்யச் சொல்லுங்கள். இந்தமுறை அவரே வாயால் சொல்லிக்கொண்டே செய்யட்டும். ‘ஏன் விரலால சுத்தறே?’ என்று கேளுங்கள். பதில் வந்தால் பாஸ்.

முக்கியமான விஷயம்... ‘புரிஞ்சுதா?’ என்ற கேள்வியை அகராதியிலிருந்தே எடுத்துவிடுங்கள். ‘புரிஞ்சுது சார்’ என்பதைத் தவிர அதற்கு வேறு பதில் கிடையாது. ஸ்கூலில் இருந்து நாமெல்லாம் அப்படித்தானே தலையாட்டி வளர்ந்தோம்? ‘செஞ்சு காட்டுங்க’ - இதுதான் உருப்படியான கேள்வி.

படி 4: கையை விட்டுடாதீங்க

வகுப்பு முடிந்து லைனுக்குப் போனதும் உங்கள் வேலை முடிந்துவிடாது. ‘சந்தேகம்னா யாரைக் கேக்கணும்’ என்று ஓர் ஆளைக் காட்டிவிடுங்கள். முதல் நாள் மணிக்கொரு தடவை போய்ப் பாருங்கள். அடுத்த நாள் ஷிஃப்டுக்கு ரெண்டு தடவை. அப்புறம் மெல்ல மெல்லக் குறைத்துக்கொள்ளலாம்.

கடலுக்கு அடியிலும் இதே கதைதான்!

கோவளம், புதுச்சேரிப் பக்கம் ஸ்கூபா டைவிங் கற்றுத் தருகிறார்கள், தெரியுமா? அங்கே வாத்தியார் பாடு இன்னும் திண்டாட்டம். தண்ணிக்குள்ளே பேசவே முடியாது! அதனால் பேச வேண்டியதையெல்லாம் மேலேயே பேசிவிட்டுத்தான் கீழே இறங்குகிறார்கள். முகமூடிக்குள் தண்ணீர் புகுந்தால் எப்படி வெளியேற்றுவது என்று வாத்தியார் முட்டி போட்டு ரொம்ப நிதானமாகச் செய்து காட்டுவார். பிறகு ஒவ்வொருவராகச் செய்து காட்டணும். ஒருவர் செய்யும்போது மற்றவர்கள் மேலும் ஒரு கண் இருக்கணும். உதவியாள் இல்லாவிட்டால் கடலில் ஒரு வாத்தியாருக்கு எட்டு மாணவர்களுக்கு மேல் கூடாது என்பது ‘பாடி’ என்ற உலகளாவிய டைவிங் அமைப்பின் வரம்பு.

இன்னொரு கூத்து... கட்டை விரலை உயர்த்தினால் நமக்கு ‘சூப்பர்’. டைவிங்கில் அதற்கு ‘மேலே போகலாம்’ என்று அர்த்தம்! முதல் நாள் குஷியில் கட்டை விரலைக் காட்டுகிறவர்கள் ஏராளம். அதனால் சைகைகளைத் தரையிலேயே பழக்கிவிடுவார்கள்.

உங்க பிரஸ் ஷாப்பும் கிட்டத்தட்ட கடல்தான். காதில் பஞ்சு வைத்திருப்பார்கள். பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காது. கூடவே, பேட்சில் பாதிப்பேருக்குத் தமிழே தெரியாது என்று வையுங்கள். ‘நிறுத்து’, ‘கையை எடு’, ‘என்னைக் கூப்பிடு’ - இந்த மூன்றுக்காவது ஒரே மாதிரி சைகையை டோஜோவிலேயே பழக்குங்கள். படம் போட்ட அட்டைகளை மாட்டுங்கள். ஹிந்தியில் ‘ருக்கோ’ என்ற ஒரு வார்த்தையாவது நாக்கில் இருக்கட்டும். அந்த நேரத்தில் இலக்கணம் யாரும் பார்க்க மாட்டார்கள்.

கொஞ்சம் சீரியஸா...

சிரிப்பை ஓரமாக வைத்துவிட்டு ஒரு நிமிஷம். நீங்கள் சொல்லித் தருவது சரியாக ஏறவில்லையென்றால் என்ன ஆகும்? ரிஜெக்‌ஷன் கூடும், ரீவொர்க் வரும், மேனேஜர் திட்டுவார். அதெல்லாம் சரி பண்ணிக்கொள்ளலாம். விரல் போனால் வராது.

ஹரியானாவில் குருகிராம் - மானேசர் பக்கம் காயம்பட்ட தொழிலாளர்களுக்கு உதவும் ‘சேஃப் இன் இந்தியா’ என்ற அமைப்பு, 2019 முதல் ‘க்ரஷ்ட்’ என்ற பெயரில் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. கார், பைக் உதிரிபாகம் செய்யும் இடங்களில் விரலையும் கையையும் இழந்தவர்களைப் பற்றிய அறிக்கை அது. பவர் பிரஸ்ஸில்தான் அதிகம் போயிருக்கிறது. பெரிய கம்பெனிகளுக்குச் சப்ளை செய்யும் சின்னக் கம்பெனிகளின் கதை இதில் நிறைய. நம் பக்கமும் கதை வேறில்லை. 2010-ல் ஸ்ரீபெரும்புதூரில் இருந்த ஒரு செல்போன் தொழிற்சாலையில் வேலை பார்த்த இளம்பெண் மெஷினில் சிக்கி இறந்துபோனார்.

விபத்து என்றால் பயிற்சிக் குறைவு மட்டும்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. காவல் தகடு இல்லாத மெஷின், பழுதான சென்சார், ‘டார்கெட், டார்கெட்’ என்ற நெருக்கடி எல்லாம் சேர்ந்துதான். ஆனால் உங்கள் கையில் இருப்பது பயிற்சி. அதில் ஓட்டை விழாமல் பார்த்துக்கொள்ள உங்களால் முடியும்.

பவர் பிரஸ்ஸில் ஏன் இரண்டு பட்டன்? ரெண்டு கையும் பட்டன் மேல் இருந்தால் டையின் உள்ளே கை இருக்க முடியாது. அவ்வளவுதான் விஷயம். ஒரு பட்டனில் குச்சி செருகிவிட்டு ஒரு கையால் ஓட்டும் ‘கில்லாடி’களைப் பற்றி லைனில் பெருமையாகப் பேசுவார்கள். அது உங்கள் வகுப்புக்குள் வரும் முன்னால் நீங்களே எடுத்துச் சொல்லிவிடுங்கள். வெறுமனே ‘செய்யக் கூடாது’ என்று சொல்லாதீர்கள். ஒரு கேரட்டையோ குச்சியையோ டெமோ மெஷினில் வைத்துக் காட்டுங்கள். நசுங்கும் சத்தம் ஆயுசுக்கும் மறக்காது.

மெஷினுக்குள் ஏதாவது சிக்கினால் முதலில் என்ன செய்யணும்? மெயினை ஆஃப் பண்ணி, பூட்டுப் போட்டு, ‘வேலை நடக்கிறது’ என்று அட்டை மாட்டி, அதன் பிறகுதான் கை. புது ஆள் இதைத் தனியாகச் செய்யவே கூடாது, மெயின்டனன்ஸைக் கூப்பிடணும். ‘லைன் நின்னா திட்டுவாங்களே’ என்று பயந்துதான் பலரும் கையை விடுகிறார்கள். ‘நிறுத்தினதுக்காக உன்னை யாராவது திட்டினா என்கிட்ட வா’ என்று முதல் வகுப்பிலேயே சொல்லுங்கள். சொன்னால் மட்டும் போதாது. ஒருவர் நிஜமாகவே வந்து நிற்கும்போது அவர் பக்கம் நிற்கணும்.

அந்தக் கால் வட்டம்

பல தொழிற்சாலைகளில் ஸ்கில் மேட்ரிக்ஸ் என்று ஒரு சார்ட் தொங்கும். ஒவ்வொருவர் பெயருக்கும் நேராக ஒரு வட்டம், நான்கு துண்டாக. கால் பங்கு கறுப்பு என்றால் விஷயம் தெரியும். அரை என்றால் ஒருவர் மேற்பார்வையில் செய்வார். முக்கால் என்றால் தனியாகச் செய்வார். முழுசும் கறுப்பு என்றால் அடுத்தவருக்குச் சொல்லித் தருவார்.

கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஆனால் பல இடங்களில் அந்த வட்டத்தை நிரப்பிக் கையெழுத்துப் போடுகிறவர் டிரெய்னர்தான். அதாவது நீங்க!

மூன்றாவது நாள் லைன் சூப்பர்வைசர் வேர்த்து விறுவிறுத்து வருவார். ‘‘ரெண்டு பேர் லீவு பாஸ். உங்க பேட்ச்ல நாலு பேரைக் குடுங்க. சார்ட்ல முக்கால் போட்டுடுங்க, ப்ளீஸ். லைன் நிக்குது...’’

அவர் உங்கள் சீனியர். கேன்டீனில் உங்களோடு டீ குடிக்கிறவர். நல்ல மனுஷர்தான். ஆனாலும் ரெடியாகாத ஆளுக்கு முக்கால் போடாதீர்கள். அரை வட்டம் என்றால் அரைதான். ‘‘அண்ணே, இவங்களை அனுப்பறேன். ஆனா பிரஸ்ல வேணாம். பேக்கிங்ல வைங்க. இல்லேன்னா பக்கத்துல ஓர் ஆபரேட்டர் நிக்கணும்’’ என்று பணிவாக, ஆனால் உறுதியாகச் சொல்லுங்கள். ஒரு மெயிலும் தட்டி வைத்துவிடுங்கள். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஒரு பையன் ராத்திரி ஷிஃப்டில் மெஷின் முன்னால் தனியாக நிற்கப் போகிறான்.

அண்ணன்களை எப்படிச் சமாளிப்பது?

உங்களுக்கு இருபத்திரெண்டு. எதிரில் நாற்பது வயது ஒப்பந்தத் தொழிலாளி. பதினைந்து வருஷம் நாலு கம்பெனி பார்த்தவர். ‘இந்தச் சின்னப் பையன் எனக்குச் சொல்லித் தர்றானா?’ என்று பார்வையிலேயே கேட்பார். டை கட்டிக்கொண்டு அதிகாரம் காட்டினால் க்ளாஸ் காலி.

‘‘அண்ணே, நீங்க பழைய கம்பெனியில இதை எப்படிச் செய்வீங்க?’’ என்று அவரையே கேளுங்கள். அவர் சொல்வதில் நல்லது இருந்தால் எல்லார் முன்னாலும் ஒத்துக்கொள்ளுங்கள். மாற வேண்டியது இருந்தால் தனியாகக் கூப்பிட்டு, காரணத்தோடு சொல்லுங்கள். அடுத்த வாரம் உங்கள் வகுப்புக்கு அவரே உதவியாளர் ஆகிவிடுவார்.

பெண்கள் பேட்ச் என்றால் இன்னும் கொஞ்சம் கவனம். டூலைப் பிடித்துக் காட்டும் சாக்கில் கையைத் தொடுவது, ‘வாம்மா, போம்மா’ என்பது, ‘பொண்ணுங்களுக்கு இது வராது’ என்பது... மூன்றும் வேண்டாம். சந்தேகம் கேட்கத் தயங்குகிறவர்கள் இருந்தால், இடைவேளையில் ரெண்டு ரெண்டு பேராக வந்து கேட்கச் சொல்லுங்கள்.

கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால்? ‘நாளைக்குக் கேட்டுச் சொல்றேன்’ என்று சொல்லுங்கள். மறுநாள் மறக்காமல் சொல்லுங்கள். அள்ளி விட்டீர்களோ, மரியாதை போச்சு!

இதையே தொழிலாக்கணுமா?

சொல்லித் தருவது பிடித்துப்போய்விட்டதா? ஐ.டி.ஐ.-களில் பயிற்றுநர் ஆவதற்கென்றே சி.ஐ.டி.எஸ். என்ற ஓராண்டுப் படிப்பு இருக்கிறது. எப்படிச் சொல்லித் தருவது என்பதையும் அதில் பாடமாகவே நடத்துகிறார்கள். சென்னையில் கிண்டியில் இருக்கும் மத்திய அரசின் தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்தில் விசாரியுங்கள். ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்தவர்களுக்கு நல்ல வழி.

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி...

ஸ்லைடை அழகுபடுத்திக்கொண்டு உட்காராதீர்கள். அந்த மூணு கட்டப் பேப்பரை ஒருமுறை பாருங்கள். ரெஞ்ச், போல்ட், கையுறை, கண்ணாடி எல்லாம் இருபது பேருக்குப் போதுமா என்று எண்ணி வைத்தாச்சா? எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் வேலை செய்கிறதா என்று அழுத்திப் பார்த்தாச்சா? முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கிறதா?

அப்புறம் நன்றாகத் தூங்குங்கள். முதல் வகுப்பில் குரல் நடுங்கும். பரவாயில்லை, எல்லாருக்கும் நடுங்கும். எதிரில் இருக்கும் இருபது பேருக்கும் அதைவிட அதிகமாக நடுங்கிக்கொண்டிருக்கும். இன்னும் ஒரு வருஷத்தில் அந்த இருபதில் ரெண்டு பேர் பெயருக்கு நேராக வட்டம் முழுசாக நிரம்பியிருக்கும். அப்போது புது பேட்சுக்கு அவர்கள் க்ளாஸ் எடுக்கும்போது, கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கேளுங்கள். உங்கள் டயலாக்கை அப்படியே ஒப்பிப்பார்கள். அங்கே மட்டும் ஓட்டக் கூடாது, சரியா?

ஆல் தி பெஸ்ட் மாஸ்டர்!